மூட்டுக்குத் தேய்மானம் எழுதலாமா?

நம் குடியிருப்பில் ஐம்பது வயதைத் தாண்டிய இரண்டு பேர் லிஃப்டுக்காகக் காத்து நின்றால், கொஞ்ச நேரத்தில் பேச்சு முழங்காலுக்கு வந்துவிடும். "எக்ஸ்ரே எடுத்தேன் சார், தேய்மானமாம்" என்பார் ஒருவர். "அப்போ படி ஏறாதீங்க, நல்லா ரெஸ்ட் எடுங்க" என்பார் மற்றவர். நல்லெண்ணத்தில் சொல்வதுதான். வீட்டிலும் இதே நிலைதான். "அம்மா, நீங்க உக்காருங்க, நான் பாத்துக்கறேன்" என்று மருமகள் சொல்வதும், "அப்பா, கடைக்கெல்லாம் நீங்க எதுக்குப் போறீங்க, ஆன்லைன்ல வந்துடும்" என்று மகன் சொல்வதும் பாசத்தால்தான்.

வணிகவியல் படித்து, வங்கியில் பேரேடுகளோடு காலம் தள்ளியவன் என்பதால் 'தேய்மானம்' என்ற சொல் எனக்கு நன்றாகப் பழக்கம். ஒரு லட்ச ரூபாய்க்கு வாங்கிய இயந்திரத்தின் ஆயுள் பத்து ஆண்டு என்றால், ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய் தேய்மானம் எழுதுவோம். ஓட ஓட இயந்திரம் தேயும். குறைவாக ஓட்டினால் கூடுதலாக உழைக்கும். இதே கணக்கைத்தான் நாம் மூட்டுக்கும் போடுகிறோம். இருக்கிற மூட்டை அசைக்காமல் வைத்திருந்தால் மிச்சமாகும் என்று நினைக்கிறோம்.

மருத்துவ உலகமும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எண்ணத்தை மாற்றிக்கொண்டது. ஏறக்குறைய 280 ஆண்டு நடந்த அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். நான் மருத்துவன் அல்ல. வரலாறு படிப்பதில் ஆர்வம் உள்ள ஓய்வுபெற்ற குமாஸ்தா, அவ்வளவுதான்.

அச்சம் தொடங்கிய இடம்

லண்டனில் வில்லியம் ஹன்டர் என்ற உடற்கூறியல் அறிஞர் 1743-இல் மூட்டுக் குருத்தெலும்பைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். எலும்பின் முனையில் வழுவழுப்பாகப் படிந்திருக்கும் வெள்ளைப் பூச்சுதான் குருத்தெலும்பு. அது ஒரு முறை அழிந்துவிட்டால் மீண்டும் வளர்வதில்லை என்று அவர் எழுதினார். அவர் கவனித்தது சரி. குருத்தெலும்புக்குள் ரத்தக் குழாய் கிடையாது. அதனால் தோலில் பட்ட காயம் ஆறுவதுபோல அது ஆறுவதில்லை.

'திரும்பக் கிடைக்காது' என்றால் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும் என்றுதானே தோன்றும்? நோயுற்ற மூட்டுக்கு ஓய்வு என்ற கொள்கை இதன் மேல் வலுப்பெற்றது. அதன் மிகப் பெரிய ஆதரவாளர், 19-ஆம் நூற்றாண்டில் லிவர்பூல் நகரில் வாழ்ந்த ஹியூ ஓவன் தாமஸ். அவருடைய அப்பா எலும்பு கட்டும் பரம்பரையைச் சேர்ந்தவர். நம் பக்கத்தில் புத்தூர் கட்டுப் போடும் குடும்பங்கள் இருப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். மகன் முறையாக மருத்துவம் படித்தார். துறைமுகத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்தார். மூட்டில் நோய் வந்தால் கட்டாயமான, இடைவிடாத, நீண்ட ஓய்வு வேண்டும் என்பது அவர் கொள்கை.

அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் மூட்டை அழித்த பெரிய நோய்களில் ஒன்று காசநோய். அதற்கு மருந்து கிடையாது. அசையாமல் வைப்பதுதான் வழி. அவர் வடிவமைத்த 'தாமஸ் ஸ்பிளின்ட்' முதல் உலகப் போரில் எத்தனையோ சிப்பாய்களின் உயிரைக் காத்தது. இன்றும் நம் ஊர் ஆஸ்பத்திரி எலும்பு வார்டுகளில் அதைப் பார்க்கலாம். முறிந்த எலும்புக்கும், சீழ் பிடித்த மூட்டுக்கும் ஓய்வு தேவை என்பதில் இன்றும் மாற்றுக் கருத்து இல்லை. அந்த வைத்தியத்தை முறிவே இல்லாத, வயது மட்டும் ஆன மூட்டுகளுக்கும் மக்கள் பொதுவாக எடுத்துக்கொண்டதில்தான் சிக்கல் வந்தது.

அதே காலத்தில் பாரிஸில் ஜூஸ்ட் லூக்கா-ஷாம்பியோனியேர் என்ற அறுவை மருத்துவர் நேர் எதிராகப் பேசினார். முறிந்த எலும்பைக்கூட மாதக்கணக்கில் இறுகக் கட்டி வைக்காதீர்கள், சீக்கிரமே மெல்ல அசைக்கத் தொடங்குங்கள், கட்டி வைத்தால் மூட்டு இறுகி, தசை வற்றிவிடும் என்றார். 1895-இல் இதைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். அன்று பெரும்பாலோர் அவர் பக்கம் சாயவில்லை.

பாரம்தூக்கியும் தொடை எலும்பும்

இதற்கிடையே எலும்பைப் பற்றிய ஒரு பெரிய உண்மை, 1866-இல் சுவிட்சர்லாந்தின் ஸூரிக் நகரில் வெளிப்பட்டிருந்தது. ஹெர்மன் ஃபான் மேயர் என்ற உடற்கூறியல் பேராசிரியர் தொடை எலும்பின் மேல்முனையை நெடுக்காக அறுத்துக் காட்டினார். உள்ளே கடற்பஞ்சுபோல நுண்ணிய கம்பிகள், வளைந்து வளைந்து ஓர் ஒழுங்கில் போய்க்கொண்டிருந்தன. அதைப் பார்த்த கார்ல் குல்மான், மருத்துவர் அல்ல. பாலமும் இரும்புச் சட்டமும் வடிவமைக்கும் பொறியாளர். பாரம்தூக்கும் கிரேன் ஒன்றில் விசை எந்தெந்தக் கோடுகளில் பாயும் என்று அவர் வரைந்து வைத்திருந்த படத்தைப் போலவே அந்த எலும்புக் கம்பிகளும் இருந்தன.

இதை விரித்துச் சொன்னவர் பெர்லின் மருத்துவர் யூலியுஸ் வோல்ஃப். 1892-இல் அவர் வெளியிட்ட நூலின் சாரம் இதுதான்: எலும்பு தன் மேல் விழும் பாரத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக் கட்டிக்கொள்ளும். பாரம் கூடும் இடத்தில் வலுவாகும், பாரம் இல்லாத இடத்தில் மெலியும்.

பின்னால் வந்த அறிஞர்கள் இது நடக்கும் விதத்தையும் கண்டார்கள். எலும்புக்குள் இரண்டு வகை செல்கள் எப்போதும் வேலை செய்கின்றன. ஒரு வகை பழைய எலும்பைக் கரைத்து எடுக்கும். இன்னொரு வகை புதிய எலும்பைப் பூசும். பெரியவர்களின் எலும்புக்கூட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 சதவீதம் இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது. எங்கள் பாஷையில் சொன்னால், எலும்பு ஒரு நடப்புக் கணக்கு; தினமும் வரவும் உண்டு, பற்றும் உண்டு. சுமார் 30 வயது வரை வரவு அதிகம். அதன் பிறகு பற்று மெல்ல மெல்லக் கூடுகிறது.

இதற்குக் கண்கூடான சாட்சி டென்னிஸ் ஆட்டக்காரர்கள். 1977-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 84 தொழில்முறை ஆட்டக்காரர்களின் இரண்டு கைகளையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். மட்டையைப் பிடிக்கும் கையின் மேல் எலும்புச் சுவர் மற்றக் கையைவிட ஆண்களுக்குச் சுமார் 35 சதவீதமும் பெண்களுக்குச் சுமார் 28 சதவீதமும் தடித்திருந்தது. ஒரே ஆள், ஒரே சாப்பாடு, ஒரே வயது. வேறுபாடு உபயோகத்தில் மட்டும்தான். எந்த இயந்திரமாவது ஓட்ட ஓட்டத் தடித்ததாகக் கேள்விப்பட்டதுண்டா?

மொட்டை மாடியில் கிடைத்த மருந்து

பாரம் மட்டும் போதாது, எலும்பு கட்டச் சுண்ணாம்புச் சத்தும் வேண்டும். அதை உடல் உறிஞ்ச வைட்டமின் டி வேண்டும். இந்தக் கதை குழந்தைகளிடமிருந்து தொடங்குகிறது.

தொழிற்புரட்சிக் கால ஐரோப்பிய நகரங்களில் நெருக்கமான சந்துகளிலும் கரிப்புகையிலும் வளர்ந்த குழந்தைகளின் கால்கள் வில்லாக வளைந்தன. ரிக்கெட்ஸ் என்று பெயர். நோயைப் பற்றி ஃபிரான்சிஸ் கிளிசன் 1650-லேயே ஒரு நூல் எழுதிவிட்டார். ஆனால் காரணம் பிடிபடவில்லை. ஜப்பானில் பணியாற்றித் திரும்பிய தியோபால்ட் பாம் என்ற மருத்துவர், பிரிட்டனில் இவ்வளவு பரவியிருக்கும் இந்த நோய் கிழக்கு நாடுகளில் அரிதாக இருப்பதைக் கவனித்தார். பல நாடுகளில் இருந்த மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதித் தகவல் திரட்டி, குறைவது வெயில்தான் என்று 1890-இல் எழுதினார். 1919-இல் பெர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி நான்கு குழந்தைகளைப் புற ஊதா விளக்கின் ஒளியில் வைத்துக் குணமாக்கினார். 1921-இல் நியூயார்க்கில் ஆல்ஃப்ரெட் ஹெஸ் என்ற மருத்துவரும் அவருடைய சகாவும் நோயுற்ற குழந்தைகளை ஒரு மருத்துவமனையின் மொட்டை மாடியில் வெயில் காய வைத்தே எலும்பைத் தேற்றிக் காட்டினார்கள்.

நம் நாட்டிலிருந்தும் இதற்கு ஒரு முக்கியமான சாட்சியம் உண்டு. நாசிக் நகரில் ஹட்சிசன், ஷா என்ற இரு மருத்துவர்கள் செய்த ஆய்வு 1922-இல் வெளிவந்தது. சத்துக் குறைவாகச் சாப்பிட்டும் நாள் முழுதும் வெளியில் வேலை செய்த ஏழைக் குடும்பங்களில் இந்த எலும்பு நோய் இல்லை. நன்றாகச் சாப்பிட்டும் வீட்டை விட்டு வெளியே வராத வசதியான குடும்பப் பெண்களிடமும் குழந்தைகளிடமும் அது மிகுந்திருந்தது.

இதைப் படித்தபோது எனக்கு நம் அடுக்குமாடி வாழ்க்கைதான் நினைவுக்கு வந்தது. வீட்டுக்குள்ளிருந்து லிஃப்ட், லிஃப்டிலிருந்து கார், காரிலிருந்து ஏ.சி. அறை. வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத ஊரில் இருந்துகொண்டு வைட்டமின் டி மாத்திரை வாங்குகிறோம். இதில் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். பால்கனிக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து வாங்கும் வெயில் இதற்கு உதவாது. தேவையான கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். அதிகாலை இளவெயிலிலும் அந்தக் கதிர் மிகக் குறைவு. காலை பத்து மணிக்கு மேல்தான் போதுமான அளவு கிடைக்கும்.

படுக்கையின் ஆபத்து

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, பிரசவமோ அறுவை சிகிச்சையோ மாரடைப்போ எதுவானாலும் வாரக்கணக்கில் படுக்கைதான். இதை உரக்கக் கேள்வி கேட்டவர் லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் ஆஷர். 1947 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் படுக்கையில் கிடப்பதன் ஆபத்துகளை உறுப்பு உறுப்பாகப் பட்டியல் போட்டார். நுரையீரலில் சளி தேங்கும், காலில் ரத்தம் உறையும், தசை வற்றும், மூட்டு இறுகும், எலும்பிலிருந்து சுண்ணாம்பு வெளியேறும் என்று நகைச்சுவையோடு எழுதினார். நோயாளிகளைப் படுக்கையை விட்டு எழுப்புங்கள் என்பதுதான் அவர் கேட்டுக்கொண்டது.

அடுத்த ஆண்டே அமெரிக்காவிலிருந்து கணக்கு வந்தது. டீட்ரிக், வீடன், ஷோர் என்ற மூவர், ஆரோக்கியமான நான்கு இளைஞர்களின் இடுப்புக்குக் கீழே மாவுக்கட்டுப் போட்டு ஆறேழு வாரம் படுக்க வைத்தார்கள். சாப்பாட்டில் குறை வைக்கவில்லை. இருந்தும் அவர்களின் சிறுநீரில் வெளியேறிய கால்சியம் கூடிக்கொண்டே போய் ஏறத்தாழ இரு மடங்கானது. இளைஞர்களுக்கே அந்த நிலை. விண்வெளியில் எடை இல்லாமல் மிதக்கும் வீரர்களுக்கும் இதுதான் நடக்கிறது. இடுப்பு எலும்பில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை குறைகிறது. அதனால்தான் விண்வெளி நிலையத்தில் அவர்கள் தினமும் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சிக்கு ஒதுக்குகிறார்கள்.

குருத்தெலும்பின் மர்மமும் விளங்கியது. ரத்தக் குழாய் இல்லாத அந்தத் திசுவுக்கு உணவு எங்கிருந்து வருகிறது? மூட்டுக்குள் இருக்கும் வழுவழுப்பான நீரிலிருந்து. நடக்கும்போது குருத்தெலும்பு அழுந்தி விரிகிறது. பஞ்சைப் பிழிந்து விட்டால் தண்ணீரை உறிஞ்சுவதுபோல அப்போதுதான் அது சத்தை உறிஞ்சுகிறது. அசையாத மூட்டு பட்டினி கிடக்கிறது என்று பொருள். டொரன்டோ நகரில் ராபர்ட் சால்டர் 1970 முதல் முயல்களை வைத்து இதைச் சோதித்தார். குருத்தெலும்பில் காயம்பட்ட முயல்களில், கால் கட்டி வைக்கப்பட்டவற்றைவிட, இயந்திரத்தால் இடைவிடாது மென்மையாக அசைக்கப்பட்டவற்றுக்குக் காயம் நன்றாக ஆறியது. 'அழிந்தால் வளராது' என்று ஹன்டர் சொன்னதற்கு, அசைத்தால் ஓரளவு தேறும் என்று 200 ஆண்டுக்குப் பிறகு ஒரு திருத்தம் கிடைத்தது.

பெண்களின் கணக்கு

வீட்டுப் பெண்மணிகள் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒரு பக்கம் இருக்கிறது. பாஸ்டன் நகரில் ஃபுல்லர் ஆல்பிரைட் என்ற மருத்துவர், எலும்பு மெலிந்து முதுகெலும்பு நொறுங்கி வந்த நோயாளிகளில் பெரும்பாலோர் மாதவிடாய் நின்ற பெண்கள் என்பதைக் கவனித்தார். ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைவதே காரணம் என்று 1941-இல் எழுதினார். அந்த ஹார்மோன் இருக்கும் வரை எலும்பைக் கரைக்கும் செல்களுக்கு ஒரு கடிவாளம் உண்டு. நின்றபின் சில ஆண்டுகளுக்குப் பற்று வேகமாக ஏறும்.

வலியே இல்லாமல் நடப்பதால் பலருக்கு இது தெரியாது. கை ஊன்றி விழுந்து மணிக்கட்டு முறியும்போதுதான் தெரியவரும். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் 1980-களின் கடைசியில் புழக்கத்துக்கு வந்தது. 1994-இல் உலக சுகாதார நிறுவனம் அந்த ஸ்கேனில் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை என்று வரையறுத்தது. ரிப்போர்ட்டில் 'டி ஸ்கோர்' என்று வருவது இதுதான். பேங்க் பாஸ்புக்கைப் பார்ப்பதுபோல, 65 தாண்டிய பெண்களும், அதற்கு முன்பே லேசான விழுகையில் எலும்பு முறிந்தவர்களும் இதை எடுத்துப் பார்ப்பது பற்றி டாக்டரிடம் கேட்கலாம்.

தொண்ணூறு வயதில் பளு தூக்கியவர்கள்

"இதெல்லாம் சின்ன வயசுக்காரங்களுக்கு, எங்களுக்கு இனிமே என்ன" என்பவர்களுக்காகவே 1990-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பாஸ்டனில் முதியோர் காப்பகம் ஒன்றில், மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவர், 86 முதல் 96 வயது வரை உள்ள பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்தார். தளர்ந்தவர்கள், பலர் முன்பு விழுந்து அடிபட்டவர்கள். அவர்களுக்கு எட்டு வாரம் காலால் பளு தூக்கும் பயிற்சி கொடுத்தார். ஒருவர் இடையில் நின்றுவிட, முடித்தவர்களின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. இரண்டு பேர் கைத்தடியை விட்டுவிட்டு நடந்தார்கள்.

ஓடினால் முழங்கால் தேயுமா என்ற கேள்வியையும் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 1984 முதல் தொடர்ந்து பார்த்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய ஓட்டக்காரர்களையும் ஓடாதவர்களையும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டார்கள். ஏறத்தாழ 18 ஆண்டு கழித்தும் ஓடியவர்களின் முழங்கால் கூடுதலாகத் தேய்ந்திருக்கவில்லை. அடிபட்ட மூட்டு, கூடிய உடல் எடை, வலுவிழந்த தொடைத் தசை ஆகியவைதான் முழங்காலுக்கு உண்மையான எதிரிகள் என்பது இன்றைய மருத்துவர்களின் பொதுக் கருத்து.

கடைசியாக மாற்று மூட்டின் கதை. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் காசநோயாளிகளைப் படுக்கையில் கிடத்தி வைத்திருந்த ரைட்டிங்டன் மருத்துவமனையில்தான் ஜான் சார்ன்லி 1962 நவம்பரில் நவீன இடுப்பு மாற்று அறுவையை வெற்றிகரமாகத் தொடங்கினார். அந்த ஆரம்ப ஆண்டுகளில் அறுவைக்குப் பிறகு வாரக்கணக்கில் படுக்கை. இன்று நம் ஊரிலேயே மூட்டு மாற்றியவர்களை அன்றோ மறுநாளோ வாக்கரைக் கொடுத்து நடக்க வைத்துவிடுகிறார்கள். செயற்கை மூட்டுக்கே ஓய்வு கொடுக்காதவர்கள், சொந்த மூட்டுக்கு ஓய்வு கொடுக்கச் சொல்வார்களா?

நம் வளாகத்துக்கு

அம்மியும் ஆட்டுக்கல்லும் இருந்த காலம் பொற்காலம் என்று நான் சொல்லவரவில்லை. அந்தப் பாட்டிமார்களுக்கும் கூன் விழுந்தது. ஆனால் பாரமும் வெயிலும் அவர்களுக்குத் தேடாமலே கிடைத்தன. நாம் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

நம் வளாகத்தில் விழுந்து எழுந்தபின் வீட்டை விட்டே வெளியே வராத பெரியவர்கள் சிலர் இருக்கிறார்கள். மறுபடி விழுந்துவிடுவார்களோ என்ற பயத்தில் குடும்பத்தார் நாற்காலியிலேயே உட்கார வைத்திருக்கிறார்கள். அந்த நாற்காலியில் எலும்பும் தசையும் மேலும் கரைந்து, அடுத்த விழுகை இன்னும் எளிதாகிறது. மேலே சொன்ன வரலாறு முழுவதும் அவர்களுக்காகத்தான் எழுதினேன். டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ கேட்டு, பிடித்துக்கொள்ள ஒரு கை கொடுத்து, மெல்ல எழுப்புங்கள்.

வீட்டில் செய்யக்கூடியது அதிகமில்லை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள். முடியாதவர்கள் ஊன்றித் தொடங்கலாம். இறங்குவதற்கு லிஃப்ட், ஏறுவதற்கு ஒரு மாடியாவது படி என்று வைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இறங்குவதுதான் அதிகச் சிரமம். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2020 பரிந்துரைப்படி பெரியவர்களுக்கு நாளுக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. ஒரு டம்ளர் பாலில் சுமார் 240. எள்ளும் கீரையும் மீதிக்கு உதவும்.

சங்க நிர்வாகிகளிடம் மூன்று வேண்டுகோள்களை அடுத்த பொதுக்குழுவில் வைக்கப்போகிறேன். ஒன்று, பூட்டியே கிடக்கும் மொட்டை மாடிக் கதவைத் தினமும் காலை 10 முதல் 11 வரை செக்யூரிட்டியின் கண்காணிப்பில் திறந்து வைக்க வேண்டும். இரண்டு, எல்லா பிளாக்குகளிலும் படிக்கட்டின் இரு பக்கமும் கைப்பிடி வைத்து, எரியாத விளக்குகளை மாற்ற வேண்டும். மூன்று, நடைபாதையில் பெயர்ந்து கிடக்கும் டைல்ஸைச் சரிசெய்து, நடுவில் இளைப்பாற இரண்டு பெஞ்சு போட வேண்டும். ஒருவர் வீட்டு இடுப்பு எலும்பு அறுவைச் செலவோடு ஒப்பிட்டால் இது பெரிய பட்ஜெட் அல்ல. பராமரிப்பு நிதியில் இடம் இருக்கிறதா என்று பொருளாளர் பார்த்துச் சொல்லட்டும். உங்கள் ஆதரவையும் பொதுக்குழுவுக்கு நேரில் வந்து தெரிவியுங்கள், முடிந்தவர்கள் படியேறி வாருங்கள்.